கஸ்பார் திருப்தி அடைந்த கதை

குஜிலியம்பாறைப் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் கூரைக்குக் கீழே சும்மா நிற்க மாட்டார்கள். மழைக்கு ஒதுங்கினாலும் சரி, வெயிலுக்கு ஒதுங்கினாலும் சரி, வீட்டுக்காரர் வெளியே வந்து முகத்தைப் பார்த்துவிட்டால் உடனே ஏதாவது ஒரு காரியம் சொல்லியாக வேண்டும். "ஆட்டுக்குட்டி இருந்தாச் சொல்லுங்க" என்பார்கள். "கிணத்துல தண்ணி எம்புட்டுக் கிடக்கு?" என்பார்கள். ஆட்டுக்குட்டியும் வேண்டியதில்லை, தண்ணீர் விவரமும் வேண்டியதில்லை. காரியமில்லாமல் ஒருவர் வாசலில் நின்றோம் என்ற பேர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஊருக்குள் இருந்தவரை இந்த மரியாதையால் யாருக்கும் ஒரு கேடும் வந்ததில்லை. கஸ்பார் அதைத் திண்டுக்கல்லுக்கு எடுத்துக்கொண்டு போனார். மாட்டிக்கொண்டார்.

புரட்டாசி பாதி கழிந்திருந்தது. தன் இரண்டு காளைகளுக்கும் புது மூக்கணாங்கயிறு வாங்கிக்கொண்டு அவர் பேருந்து நிலையத்துக்கு நடந்தபோது மழை பிடித்தது. மலைக்கோட்டையே கண்ணுக்குத் தெரியாதபடி அடித்தது. கஸ்பாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதே மேகம் வடக்கே போய் அவருடைய மானாவாரிக் காட்டிலும் இறங்கினால், ஈரம் காய்வதற்குள் உழுது சோளம் விதைத்துவிடலாம். இரண்டு வருடமாக விதைப்புப் பட்டம் தப்பி, காடு வெறுமனே கிடந்தது. இந்த வருடமும் தப்பினால் காளைகள் செவலையையும் மயிலையையும் சந்தைக்குப் பத்திவிட்டு, மனிதர் மில் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அவளே அழவும் செய்தாள்.

கஸ்பார் ஒதுங்கிய இடம் ஒரு பெரிய கட்டிடத்தின் முகப்பு. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று மழையில் அண்ணாந்து பார்க்க முடியவில்லை. செத்த நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்தார். இஷாக் என்ற எழுத்தர் அவர்.

"என்ன வேணும்?" என்றார் இஷாக்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. கஸ்பாரின் நாக்கு மரியாதைக்காக ஒரு காரியத்தைத் தேடியது. எதிரே ஒரு பூட்டுக் கடை. ஆள் தலை அளவு பெரிதான பித்தளைப் பூட்டு ஒன்று சங்கிலியில் தொங்கி மழையில் நனைந்துகொண்டிருந்தது. மனதுக்குள்ளோ விடிந்ததும் ஏரில் பூட்டப்போகும் காளைகள்.

"ஒரு சந்தேகங்க," என்றார். "வீட்டையும் பூட்டுறோம், ஏருல மாட்டையும் பூட்டுறோம். வீடு கிடந்த இடத்துல கிடக்குறது. மாடு நடக்குறது. ரெண்டுக்கும் எப்படிங்க ஒரே சொல்லு வந்துச்சு?"

இஷாக்கின் முகம் வெளுத்தது. "அண்ணே, நீங்க... நீங்க கேள்வி கேக்கவா வந்தீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் "சார்! சார்! வந்துருச்சு சார்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஆட்டுக்குட்டியையே கேட்டிருக்கலாம் என்று கஸ்பாருக்கு அப்போதே தோன்றிவிட்டது.

அந்தக் கட்டிடம் சொற்பொருள் மூல நிர்ணய வாரியம். ஒரு சொல்லுக்கு எது முதல் பொருள், எது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, வேர் எங்கே என்று பொதுமக்கள் கேட்டால் விளக்கம் சொல்வதற்காக ஏற்படுத்தியது. இயக்குநர் உண்டு, ஆய்வாளர்கள் உண்டு, ஜீப் உண்டு, மேடையோடு ஓர் அரங்கம் உண்டு. கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை. தொடங்கிய நாளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. கேள்வியே வராத வாரியத்தை ஏன் மூடக் கூடாது என்று மேலிடம் அந்த மாதம்தான் கேட்டிருந்தது. வாரியம் முழுவதும் பயத்தில் இருந்தது. இயக்குநர் வாஸ்து பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கூடப் பார்த்துவிட்டார். அந்த நேரத்தில்தான் கஸ்பார் நனைந்த தலையோடு வாசலில் வந்து நின்றது.

இயக்குநர் முனைவர் சுருளிவேல் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். பின்னாலேயே ஆய்வாளர்கள் இரண்டு பேர், முனைவர் காமராஜும் முனைவர் கிளாராவும். பிளாஸ்டிக் மாலை ஒன்றைக் கஸ்பாரின் கழுத்தில் போட்டு, உள்ளே அரங்கத்துக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கஸ்பார் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். அவர் அறிந்தவரை, அரசாங்கக் கட்டிடத்தில் ஒரு சம்சாரிக்கு நாற்காலி கொடுத்தால் ஒன்று நிலம் போகும், இல்லை ஆள் போவார்.

"பயப்படாதீங்க," என்றார் சுருளிவேல். "கேள்வியை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா. எல்லாரும் கேக்கணும்."

கஸ்பார் சொன்னார். கிளாரா அம்மையார் மூச்சு விடாமல் பதில் சொன்னார்: "பூணுதல் என்றால் அணிவது. பூட்டுதல் என்றால் அணிவிப்பது, ஒன்றோடு ஒன்றை இறுகச் சேர்ப்பது. மாட்டை நுகத்தோடு சேர்த்தாலும் பூட்டுவதுதான், கதவை நிலையோடு சேர்த்தாலும் பூட்டுவதுதான். நகை பூட்டலாம். கைக்கு விலங்கும் பூட்டலாம்."

நல்ல பதில். விலங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு நிமிடம் உடம்பு சில்லிட்டதே தவிர, கஸ்பாருக்குப் பதில் நன்றாகப் புரிந்தது. கடுக்கன் பூட்டுவது என்று நாமும்தான் சொல்கிறோம், யோசிக்கவில்லையே என்றுகூட நினைத்தார். வெளியே மழையும் விட்டிருந்தது. அவர் எழுந்து கும்பிட்டார்.

"ரொம்பச் சந்தோஷங்க. வாரேன்."

"எங்கே?" என்றார் சுருளிவேல்.

"ஊருக்குங்க. பஸ்ஸு போயிரும்."

சுருளிவேல் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "பெரியவரே, கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். அதைப் பள்ளிக்கூட வாத்தியார்கூடச் செய்துவிடுவார். பதிலுக்கு முன்னாலும் பின்னாலும் என்னென்ன செய்கிறோம் என்பதில்தான் ஒரு வாரியத்தின் மேன்மை இருக்கிறது. நீங்கள் இப்போது மனுதாரர். மனுதாரர் திருப்தி அடைந்தால்தான் கேள்வி முடியும். திருப்தி அலுவலரைக் கூப்பிடுங்கள்!"

திருப்தி அலுவலர் நசீம் பானு வந்தார். அமைதியான பெண். கஸ்பாரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "திருப்தியா?" என்று கேட்டார்.

"திருப்திங்க, திருப்திங்க," என்றார் கஸ்பார்.

நசீம் பானு கையை விட்டுவிட்டு, இயக்குநரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "குதிரை மாதிரி ஓடுது சார். இது பயத்துல சொல்ற திருப்தி. விதி பதினாலுப்படி செல்லாது."

அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. வருத்தப் பெருமூச்சு போலத்தான் கேட்டது. ஆனால் காமராஜின் கண்ணில் ஒரு மினுமினுப்பு இருந்ததைக் கஸ்பார் பார்த்தார். கேள்வி முடியவில்லை என்றால் வாரியத்துக்கு வேலை இருக்கிறது. வேலை இருந்தால் மூட மாட்டார்கள். அந்த மினுமினுப்புக்கு அதுதான் அர்த்தம். அப்போது அவருக்கு அது விளங்கவில்லை. ஊர் பேர், வீட்டு அடையாளம், காட்டின் திசை எல்லாம் கேட்டுக்கொண்டு, வாரியமே வந்து பார்க்கும் என்று அனுப்பிவைத்தார்கள். விட்டால் போதும் என்று ஓடிவந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

ஊரிலும் மழை நன்றாக இறங்கியிருந்தது. மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டை நின்றது. மறுநாள் காலையில் ஊரே காட்டில் இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு இருந்தது ஒரே ஒரு டிராக்டர். அதற்கு முன்னே ஊர்ப்பட்ட கூட்டம். கஸ்பாருக்கு அந்தக் கவலை இல்லை. செவலையையும் மயிலையையும் நிறுத்தி, நுகத்தடியைத் தூக்கிக் கழுத்தில் வைத்தார். அப்போது ஒரு ஜீப்பும், அதன் பின்னால் ஒரு மினி லாரியும் காட்டு ஓரத்தில் வந்து நின்றன.

"அப்படியே இருக்கட்டும், அவிழ்க்காதீங்க!" என்று கத்திக்கொண்டே காமராஜ் சேற்றில் இறங்கி ஓடிவந்தார். "முதல் பொருள்! கண்ணெதிரே! ஆகா!"

கஸ்பார் நுகத்தடியைப் பிடித்தபடியே நின்றார். விசாரணைக்குச் சான்றுப் பொருள் வேண்டும், அதனால் காளைகளையும் ஏரையும் நுகத்தடியையும் எடுத்துப் போகிறோம் என்றார் காமராஜ். கிளாரா அம்மையார் அதற்குள் கஸ்பாரின் வீட்டுக்குப் போய், இரண்டாம் பொருளுக்குச் சான்றாக வாசல் கதவில் கிடந்த பூட்டையும் சாவியையும் வெல்வெட் துணியில் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார்.

"அம்மா, ஈரம் காஞ்சிரும்மா," என்று இஞ்ஞாசியம்மாள் கெஞ்சினாள். "ரெண்டு நாளு உழுதுட்டு நாங்களே பத்திக்கிட்டு வாரோம்."

"கேள்வி கேட்டது உங்கள் கணவர்தானே?" என்றார் கிளாரா, ரொம்பக் கனிவாக. "நாங்களா வந்து கேட்டோம்?"

காளைகள் லாரியில் ஏறின. காளைகள் போகும் இடத்துக்குக் கஸ்பாரும் போகத்தானே வேண்டும்? "சாயங்காலம் வந்துருவேன், பயப்படாத," என்று மனைவியிடம் சொன்னார். சொன்ன அவருக்குத்தான் பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. லாரி கிளம்பியதும் மனதுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட ஆரம்பித்தவர், திண்டுக்கல் வரும்வரை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் அவர் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

முதலில் அரங்கத்து மேடையில் காளைகளை ஏற்றினார்கள். செவலை சாணி போட்டது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, யாரும் தொடக் கூடாது என்று இஷாக்கைக் காவலுக்கு வைத்தார்கள். எது மூத்த பொருள் என்ற விவாதம் தொடங்கியது. மனிதன் கதவு வைப்பதற்கு முன்பே மாட்டைக் கட்டிவிட்டான், ஆகவே ஏர் பூட்டுவதே மூத்தது என்றார் காமராஜ். இந்த மண்ணில் நின்றுகொண்டு அப்படிப் பேச எப்படி மனம் வந்தது, திண்டுக்கல் என்றாலே பூட்டு அல்லவா என்றார் கிளாரா. மூத்த பொருளுக்கென்று மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு சமயம் அதில் நுகத்தடியை வைத்தார்கள், ஒரு சமயம் பூட்டை வைத்தார்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கஸ்பாரும் எழுந்து நின்றார். நிற்காவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம்.

சுருளிவேல் பேசினார். "சிலர் கேட்கிறார்கள், இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்களே, பிறகு எதற்கு விவாதம் என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். விடை தெரிந்துவிட்டது என்பதற்காக ஆராய்ச்சியை நிறுத்த முடியுமா? விடை தெரியாதபோது ஆராய்ச்சி செய்வது யாராலும் முடியும். விடை தெரிந்த பிறகும் தொடர்ந்து செய்வதற்குத்தான் ஒரு நிறுவனம் வேண்டும்!"

கைதட்டல் ஓய நேரமானது. கைதட்டல் முடிந்ததும் நசீம் பானு வந்து நாடி பிடித்தார். "திருப்தியா?"

"ரொம்பத் திருப்திம்மா. என்னைய விட்ருங்கம்மா."

"நேத்தைவிடவும் வேகமா இருக்கு சார்."

இங்கேதான் கஸ்பாருக்குத் தன் நிலைமை பிடிபட்டது. பயந்தால் விட மாட்டார்கள். விட மாட்டார்கள் என்பதால்தான் பயம். அந்தப் பயத்தில் நாடி ஓடுகிறது. நாடி ஓடுவதால் விட மாட்டார்கள். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடி மாதாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். மாதாவின் முகத்துக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருக்கும் காடு தெரிந்தது. நாடி இன்னும் எகிறியது.

மனுதாரரின் பயத்தைப் போக்குவதற்கென்று வாரியம் ஒரு குழுவை அமைத்தது. அச்சம் நீக்கும் குழு. காலையில் ஆறேழு பேர் வரிசையாகக் வாரியத்தில் கஸ்பாரைத் தங்கவைத்திருந்த அறைக்குள் நுழைந்து, கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, ஒரே குரலில் சொன்னார்கள்: "மனுதாரர் பயப்படக் கூடாது. பயப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்." மதியம் சாப்பாட்டு நேரத்தில் திரும்ப வந்து சொன்னார்கள். கஸ்பாருக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் கசந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தார், அங்கே ஒளிய இடம் இருக்கிறதா என்று.

அடுத்த நாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் கட்டியிருந்த காளைகளை அவிழ்த்தார். ஓடிவிடலாம். ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டால் போதும், ராத்திரிக்குள் பத்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். மூச்சுவிடாமல் வெளிக்கதவுவரை வந்தார். கதவில் ஒரு பூட்டு தொங்கியது. அவர் வீட்டுப் பூட்டு. மூலை நசுங்கிய, கல்யாணமான வருடம் அவரே வாங்கி மாட்டிய பூட்டு.

"பயன்பாட்டில் இருக்கும்போதுதான் ஒரு சொல்லின் பொருள் விளங்கும்," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கிளாரா அம்மையார் கையில் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். "அதனால்தான் சான்றுப் பொருளைச் சும்மா வைக்காமல் கதவில் மாட்டச் சொன்னேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கைதி இல்லை. மனுதாரர்."

கிளாராவின் பூட்டு பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் காமராஜுக்குப் பொறுக்கவில்லை. தன் பொருளும் பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்று இயக்குநரிடம் சண்டை போட்டு உத்தரவு வாங்கினார். மறுநாளிலிருந்து காலை முதல் மாலைவரை வாரியத்து முற்றத்தில் கஸ்பார் ஏர் பூட்டி ஓட்ட வேண்டும். முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம். ஏர்க் கொழுவின் முனை சிமெண்டில் உரசிக் கிறீச்சென்று கத்தியது. காளைகள் திரும்பித் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தன. மண்ணில் இறங்கி உழ வேண்டிய ஏரைச் சிமெண்டில் இழுத்துக்கொண்டு, தலைக்கு மேலே வெயில் ஏறுவதைப் பார்த்தபடி நடந்தார் கஸ்பார். இந்த வெயில் இங்கே அடித்தால் பரவாயில்லை. இதே வெயில்தானே அங்கேயும் அடிக்கிறது? இந்நேரம் மேல் மண் வெளுத்திருக்கும். அடியில் ஈரம் இருக்கும். நாளைக்கும் இருக்கும், ஒருவேளை. அதற்கு மேல் சத்தியமாக இருக்காது. தாங்க முடியாமல் ஏர்க்காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

ஆய்வாளர்கள் மாடியிலிருந்து பார்த்துக் குறிப்பு எழுதினார்கள்.

ஏர் ஓட்டிய முதல் நாள் மத்தியானமே இஞ்ஞாசியம்மாள் வந்தாள். கதவுக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராக்டருக்குச் சொல்லிவைத்தும் முறை வரவில்லை, பக்கத்துக் காட்டுக்காரர்கள் விதைத்து முடித்துவிட்டார்கள், பூட்டில்லாத வீட்டைக் கயிற்றால் கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று படபடவென்று சொன்னாள். அதற்குள் இஷாக் அங்கே வந்து சேர்ந்தார். அவள் அவர் பக்கம் திரும்பி, "ஏன்யா, எதுக்குய்யா எங்க மாட்டை..." என்று ஆரம்பித்ததும் இஷாக்கின் கண்கள் விரிந்தன. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

கஸ்பார் கம்பிக்குள் கையை விட்டு மனைவியின் வாயைப் பொத்தினார்.

"கேக்காத! ஏ புள்ள, எதையும் கேக்காத! என்ன சொல்லணுமோ சொல்லு, கேக்க மட்டும் செய்யாத!"

அவள் மிரண்டு போனாள். இருபது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த புருஷன் இப்படி வாயைப் பொத்தி அவள் பார்த்ததில்லை. கையை விலக்கியதும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். "மாடு வேணும். நாளைக்குள்ள வேணும். நான் கேக்கலை. சொல்றேன்."

இஷாக் ஏமாற்றத்தோடு பேனாவை மூடினார். "சீக்கிரம் திருப்தி அடையச் சொல்லுங்கக்கா. எங்க கையில என்ன இருக்கு? அவரு மனசுலதான இருக்கு," என்றார். அவர் சொன்னதில் சூதில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். அதைக் கேட்டுத்தான் கஸ்பாருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் போன பிறகு கஸ்பார் நசீம் பானுவின் காலில் விழுந்தார். ஒரே ஒரு தடவை நாடி நிதானமாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிடு தாயி என்று கேட்டார். நசீம் பானு பதறிப்போய் அவரைத் தூக்கிவிட்டார். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு.

"எனக்கு மட்டும் ஆசையாண்ணே? நான் பொய் சொன்னா இன்னொருத்தரு வந்து திரும்பப் பாப்பாரு. அப்புறம் என் வேலையும் போயிரும். நீங்க கொஞ்சம் பயப்படாம இருந்து பாருங்களேன்."

மறுநாள் கஸ்பார் பயப்படாமல் இருந்து பார்த்தார். முடிந்தமட்டும் முயன்றார். நாடி பார்க்கும் நேரம் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. நசீம் பானு கையைப் பிடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இன்னும் ஒரு பகல் போயிற்று.

அதற்கடுத்த நாள் அரங்கம் நிறைந்திருந்தது. மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். வாரியத்தில் வேலை நடக்கிறதா என்று நேரில் பார்க்க. மேடையில் காளைகளை ஏரில் பூட்டி நிறுத்தியிருந்தார்கள். கஸ்பாரை மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். சுருளிவேல் வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போது இஞ்ஞாசியம்மாள் அரங்கத்துக்குள் வந்தாள். பார்வையாளர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. நடுவில் நடந்து நேராக மேடைமேல் ஏறினாள். முந்தானையில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த மண்ணைப் புருஷனின் உள்ளங்கையில் கொட்டினாள்.

கஸ்பார் அதை இறுக்கிப் பிடித்தார். விரலைத் திறந்தார். உருண்டை நிற்கவில்லை. மாவு போல உதிர்ந்து மேடையில் விழுந்தது. மிச்சத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஈர வாசனை துளியும் இல்லை.

"அடியிலயும் தோண்டிப் பாத்தியா?"

"முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பாத்துட்டேன்," என்றாள் இஞ்ஞாசியம்மாள்.

கஸ்பார் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து போனது. தோள் தளர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பார்வையாளர்கள் முன்னால் ஒரு பரிசோதனை நடக்கட்டும் என்று சுருளிவேல் சைகை காட்டினார். நசீம் பானு வந்து மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். மறு கையையும் பிடித்துப் பார்த்தார்.

"சார்," என்றார் மெதுவாக. "நிதானமா இருக்கு சார். ரொம்ப நிதானமா இருக்கு."

"திருப்தியா என்று கேளுங்கள்!"

"திருப்தியாண்ணே?"

"திருப்தி," என்றார் கஸ்பார்.

"பயம்?" என்று சுருளிவேலே ஒலிபெருக்கியில் கேட்டார். "பயம் இருக்கிறதா, பெரியவரே?"

கஸ்பார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இல்லீங்க. இனிமே பயப்படுறதுக்கு என்னங்க இருக்கு?"

முதலில் கைதட்டியது காமராஜ். அடுத்தது கிளாரா. பிறகு அரங்கம் முழுவதும் எழுந்து நின்று தட்டியது. மேலிடத்துப் பார்வையாளர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுருளிவேல் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பார்த்தீர்களா! நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரே ஒரு சொல்லுக்கு நாம் விளக்கம் கொடுத்தோம். இதோ, பயமற்ற மனிதராக வெளியே போகிறார். இந்த வாரியம் எதற்கு என்று கேட்டார்களே, அவர்களுக்கு நம் மனுதாரரே பதில் சொல்லிவிட்டார். 'இனிமேல் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது?' இந்த வாக்கியத்தை வாசலில் கல்லில் வெட்டி வைக்க இப்போதே உத்தரவிடுகிறேன்!"

வாரியத்தை மூடுவதில்லை என்று பார்வையாளர்கள் அங்கேயே முடிவு செய்தார்கள். எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். கஸ்பாருக்கு இரண்டு லட்டு கொடுத்தார்கள். இஷாக் காளைகளை மேடையிலிருந்து இறக்கிக் கொடுத்தார்; கிளாரா அம்மையார் பூட்டையும் சாவியையும் துடைத்து வெல்வெட் துணியோடு கொடுத்தார். நசீம் பானு மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வெளியே வெயில் சுட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஏரையும் நுகத்தடியையும் வாரியத்து வாசலிலேயே சாத்திவிட்டு, காளைகளின் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டார் கஸ்பார். வீதியில் இறங்கியதும் வழக்கம்போல ஊர் பஸ் போகும் பக்கமாகக் காளைகளைத் திருப்பினார்.

இஞ்ஞாசியம்மாள் அவர் கையிலிருந்த கயிற்றைத் தொட்டாள். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

"அங்கிட்டு எங்க போறீங்க?" என்றாள். "மாட்டுச் சந்தைக்கு இந்தப் பக்கம்ல போகணும்."